கீழ்க்காத்தை நான் கணக்கில் சேர்க்கலை அக்கா

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

இப்ப மூச்சு சுகமா வருதுங்களா? கேக்கறது பைத்தியக்காரத்தனம்னு தெரியுது. ஆனா உங்ககிட்ட முதல்ல கேக்கற கேள்வியே அதுதானே, வாய் மாற மாட்டேங்குது.

வேலம்பாளையத்துல ஊடு பாத்தப்போ, "தம்பி, நீ காலேஜ்ல பாடம் சொல்றவன், சாயப்பட்டறைப் புகை வராத பக்கமாப் பாத்துச் சொல்லு"ன்னீங்க. காத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், வானம் மூட்டமா தெளிவா, இந்த மூணும் இருந்தாப் போதும், புகை எங்கே இறங்கும்னு சொல்லிடலாம்னு பெருமையாக் கணக்குப் போட்டேன். பட்டறை பாய்லருக்கு மேற்கால இருக்கற ஊட்டைக் காட்டி, "பயமில்லீங்க்கா"ன்னேன்.

நான் எடுத்தது ஆடி, ஆவணிக் காத்து மட்டும். நம்ம ஊர்ல காத்துன்னாலே பாலக்காட்டுப் பக்கமிருந்து வர்ற மேகாத்துதானே! மார்கழியில கிழக்கே இருந்து கீழ்க்காத்து திரும்பும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தோணலை.

பனிக்காலத்துல காலையில பாய்லர் புகை மேலே போகாம நின்னு, வெயில் வந்ததும் நேரா உங்க வாசல்ல இறங்குச்சு. தை பிறக்கறதுக்குள்ள நீங்க போயிட்டீங்க. ஆஸ்துமா முன்னாலயே இருந்துச்சு, உன்னால இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மனசு ஆறலைங்க்கா.

இப்ப பன்னெண்டு மாசத்துக் காத்தும் கணக்குல இருக்கு. புகை எங்கே இறங்கும்னு முந்தின நாள் சாயங்காலமே சரியாச் சொல்லிடறேன். சொல்லி என்ன? பட்டறை முதலாளிகிட்டப் போயி, நாளைக்கு மட்டும் வெயில் ஏறுன பொறவு பாய்லரைப் பத்த வைங்கன்னு கெஞ்சினேன். "ஷிப்மெண்ட் நிக்குதுங்க சார்"னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. உங்க பக்கத்து ஊட்டு அம்மா, "கதவைச் சாத்துனா சமையல் புகை, தொறந்தா பாய்லர் புகை. எதைச் சாத்தறதுங்க?"ன்னு கேட்டாங்க.

உங்க மக கவிதா அதே ஊட்டுலதான் இருக்கா. வேலை பாக்கற கம்பெனி பக்கம்னு ஊடு மாற மாட்டேங்கறா. அவளுக்கும் இப்ப மூச்சிழுப்பு வந்திருக்கு. தினமும் செல்லுல, "நாளைக்கு எப்படீங்க மாமா?"ங்கறா.

நாளைக்கும் கீழ்க்காத்துதான், வானம் தெளிவு. விடியறதுக்கு முன்னால வந்து அவளைப் பெருமாநல்லூருக்கு என் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அவகிட்ட இனி ஒருக்காலும் "பயமில்லை"ன்னு சொல்ல மாட்டேன், இது சத்தியம். அந்தச் சந்துல மீதி இருக்கறவங்களை எங்கீங்க்கா கூட்டிட்டுப் போவேன்?

உங்க பேச்சை நம்பி வளர்ந்து, தன் பேச்சை நம்ப வெச்சு உங்களைத் தொலைச்ச தம்பி,
செந்தில்