கல்லைக் கழற்றாமல்

1931 மார்ச் 8

மோதிரம் வந்துவிட்டது. சீமைக்குத் திரும்பிப்போன சுரங்க எஞ்சினியர் துரை எனக்குத் தந்த பச்சைக் கல்லை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைத் தங்கத்தில் பதித்துத் தந்திருக்கிறார் கிள்ளானில் நகைக்கடை வைத்திருக்கும் பக்கிரிசாமி பத்தர். மரகதம் இல்லை. கிரைசோபிரேஸ். நிக்கல் கலந்ததால் வந்த பச்சை என்று துரை ஒரு சீட்டில் எழுதியிருக்கிறார். என் பெட்டியில் முப்பத்தெட்டுக் கற்கள் உண்டு, இதன் முன் ஒன்றும் நிற்காது. ரயில்வே ஆபீசில் ஆளுக்காள் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மார்ச் 11

மோதிரம் இறுக்கம். சவர்க்காரம் போட்டுக் கழற்றினேன். என் மனைவி புனிதவதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 15

கிள்ளானுக்குப் போய் மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்தேன். "கல்லைக் கழட்டிட்டுத்தாங்க செய்யணும், சூடு படும்" என்றார் பத்தர். கழற்றக் கூடாது என்றேன். கழற்றினால் திரும்ப இதே கல்தான் வருமென்று யார் கண்டது? முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் அவருக்கு விளங்கியிருக்கும். "ஐயா இஷ்டம்" என்று வாங்கிக்கொண்டார்.

மார்ச் 22

கல்லை மாற்றிவிட்டான்! பச்சையே இல்லை. வெளிறிப்போய், சோற்றுக் கஞ்சி மாதிரி ஒரு நிறம். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கள்ளன் என்று கத்தினேன். "கல்லுல ஈரத் துணி சுத்தித்தாங்க நெருப்பு ஊதினேன். அதே கல்லுங்க. எம் புள்ளைங்க மேல ஆணை" என்றான். பிள்ளைகளை வேறு இழுக்கிறான். நானா ஏமாறுகிறவன்? முப்பத்தெட்டுக் கல் வைத்திருக்கிறவன்!

மார்ச் 23

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆட்கள் கூடும் சங்கத்தில் எல்லோருக்கும் சொன்னேன். என் மைத்துனர் கார்த்திகேசு, மகளுக்குக் காப்புச் செய்ய அவனிடம் பொன் கொடுத்திருந்தவர், நாளைக்கே போய்த் திருப்பி வாங்கப் போகிறாராம். துரைக்கும் விவரமாக ஒரு கடிதம் எழுதிப் போட்டேன்.

ஏப்ரல் 30

பத்தன் கடை ஈ ஓட்டுகிறதாம். நன்றாக வேண்டும்.

ஜூன் 9

துரையின் பதில் வந்தது. நாலே வரி. இந்தக் கல் சூடு பட்டால் பச்சையை இழக்கும், தட்டான் நெருப்பில் காட்டினானா என்று கேட்கிறார்.

இல்லை. இருக்காது.

ஜூன் 10

பெட்டியில் மற்றப் பாதி இருந்தது. காலையில் குசினிக்குள் போய்க் குறட்டில் பிடித்துக் கரி நெருப்பின் மேல் காட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. ஆற வைத்து, மோதிரத்தின் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று.

கழற்றுகிறேன் என்றுதானே அந்த மனிதர் சொன்னார்? கழற்ற விடாதவன் யார்? என்ன செய்துவிட்டேன்... ஐயோ, என்ன செய்துவிட்டேன். ஆபீசுக்குப் போகவில்லை.

ஜூன் 14

கிள்ளான். கடை பூட்டியிருந்தது. பின்னால் ஒற்றை அறையில் பத்தரின் மனைவி தங்கமணி இருந்தாள். "அவுக துறைமுகத்துல மூட்டை தூக்கப் போறாக" என்றாள், என்னை உட்காரச் சொல்லாமல். மாலைவரை வெளியிலேயே நின்றேன். வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், கும்பிட்டேன். அவர் கோபிக்கவில்லை. தோல் உரிந்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலு பேரு முன்னாடி சொன்னீங்க. அவங்க முன்னாடியே அந்தச் சொல்லை எடுத்துடுங்க ஐயா. வேற ஒண்ணும் வேணாம்."

ஜூன் 21

சங்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். கடிதத்தை வாசித்தேன், வெளுத்த இரண்டு கல்லையும் காட்டினேன், பிழை முழுக்க என்னுடையது என்றேன். கை தட்டினார்கள். கார்த்திகேசு என் தோளில் தட்டி, "உமக்குப் பெரிய மனசு காணும். கள்ளனுக்கும் ஒரு வழி விட்டுக் குடுக்கிறீர்" என்றார்.

மார்ச்சில் ஒரு கல்லையும் காட்டாமல் சொன்னேன். உடனே நம்பினார்களே!

ஆகஸ்ட் 16

மகன் யோகநாதனின் கல்யாணம் நெருங்குகிறது. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் சொந்தக்காரர் பார்க்க உருக்குவது எங்கள் வழக்கம். பொன்னுருக்கலுக்குப் பக்கிரிசாமி பத்தரைத்தான் கூப்பிடுவேன் என்றேன். "ஊரில வேற பத்தர் இல்லையே? பெண் வீட்டார் என்ன சொல்லுவினம்?" என்றாள் புனிதவதி. அன்றிலிருந்து ஏழு நாளாக என்னோடு பேச்சில்லை. நான் விடப் போவதில்லை. நாலு பேர் பார்க்க என் வீட்டுப் பொன்னை அவர் கையில் கொடுத்தால், அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

செப்டம்பர் 3

பத்தர் வந்தார். குறடு, ஊதுகுழல் எல்லாம் எப்போதோ விற்றாயிற்றாம், இன்னொருவரிடம் இரவல் வாங்கி வந்திருந்தார். கூடம் நிறையச் சனம். நெருப்பின் முன் உட்காரும்போதே சட்டையைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டார். புழுக்கம் என்றுதான் நினைத்தேன். பொன் அழகாக உருகியது. உருண்டையைத் தட்டில் வைத்தார். மனம் நிறைந்து போயிற்று எனக்கு.

பிறகு அவர் எழுந்தார். ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, திருப்பித் திருப்பிக் காட்டினார். வாயைத் திறந்து காட்டினார். வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறினார். அணைந்த அடுப்புக் கரியைக்கூட இன்னொரு தட்டில் அள்ளிப் புனிதவதியிடம் நீட்டி, "பாத்துக்குங்கம்மா" என்றார்.

புனிதவதி கிளறிப் பார்த்தாள். கார்த்திகேசு எட்டிப் பார்த்தார். வேண்டாம் பத்தரே என்று எழுந்து சொல்லியிருக்கலாம். நானும் கரிக்குள் பொன் துணுக்கு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தேன்.