சிவப்பு வாளியும் ஏழாவது பதிவும்

பிப்ரவரி 3
பொய்ச் செய்தியை மாணவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்ற என் ஆய்வுக்குப் பத்துப் பதிவுகள் தயார். ஐந்து நிஜம், ஐந்து நானே ஜோடித்த பொய். எனக்குச் செல்லம் ஏழாவதுதான்: “கூரை ஒழுகுகிறது, நூலகம் ஒரு மாதம் மூடல்.” விடுதியிலிருந்து என் சிவப்பு வாளியைத் தூக்கிப் போய் அலமாரிக்கு நடுவே வைத்துப் படமெடுத்தேன். என்ன மூளை எனக்கு!

பிப்ரவரி 7
அறுபது மாணவர்களிடம் காட்டியாயிற்று. சராசரி பத்துக்கு ஐந்து. காசைச் சுண்டியிருந்தாலும் இதே மதிப்பெண்தான். என் அறைத்தோழி துப்பு (எல்லாவற்றையும் துருவுவதால் வந்த பெயர்) பத்தும் பொய் என்று எழுதி அதே ஐந்து வாங்கினாள்.

“எதையும் நம்பலைன்னா ஏமாற மாட்டோம்ல?”

“நிஜத்தையும் நம்பலையேடி!”

வழிகாட்டி மேடத்திடம், “நானா இருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்” என்று பீற்றிக்கொண்டேன். எவை பொய் என்று அறுபது பேருக்கும் இன்னும் சொல்லவில்லை. சொல்லணும்.

பிப்ரவரி 11
வாளியின் கைப்பிடி உடைந்தது. நீலக் கயிறு கட்டினேன்.

பிப்ரவரி 17
ஐயோ.

காலையில் வகுப்புக் குழுவில் படத்தோடு ஒரு செய்தி: “அவசரம்! கூரை இடிந்தது. நாளை முதல் நூலகம் இல்லை. எல்லோருக்கும் அனுப்பவும்.” எனக்கோ அறிக்கை பாதியில் நிற்கிறது. படத்தைத் திறக்கக்கூட இல்லை. நாற்பது பேருக்குத் தட்டிவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். பதினொரு புத்தகம் அள்ளிக்கொண்டு வரிசையில் நின்றால், நூலகர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

“நாங்க எதுக்கும்மா மூடணும்? இந்த வாளியே எங்களோடது இல்ல!”

போனை நீட்டினார். என் வாளி. என் வாளியேதான்! சொந்தப் பொய்யில் நானே விழுந்தேனே, இதை எங்கே போய்ச் சொல்வது?

பிப்ரவரி 18
மேடத்திடமே போய்ச் சொன்னேன். ஆய்வு போச்சு என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “அறுபது பேருக்கும் இன்னைக்கே உண்மையச் சொல்லு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். உன்னையும் கணக்குல சேர்த்துக்கோ.”

நீலக் கயிறு கட்டிய வாளியோடு ஒரு படம் எடுத்து, மன்னிப்போடு எல்லாக் குழுக்களிலும் போட்டேன். மானம் போனது, மனசு லேசானது.

மார்ச் 4
அறிக்கை கொடுத்தாயிற்று. அறுபத்தோராவது ஆள்: நம்பினார், பகிர்ந்தார்.

மதியம் குழுவில், “இனி ஞாயிறும் நூலகம் உண்டு.” அனுப்பக் கை துறுதுறுத்தது. முதலில் நூலகருக்கு போன் போட்டேன்.

“நெசந்தாம்மா. வாளி சௌக்கியமா?”

துப்பு இதையும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகணும்.