உள்ளங்கையில் அடித்த வெளிச்சம்

மச்சான்,

இன்று காலை வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. எல்லோரும் ஃப்ரிட்ஜைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டு, முட்டுக் கொடுத்திருந்த தெர்மாகோலை உருவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். "மாமாவுக்குக் குப்பைதான் வேணுமாம்" என்று கீழே மருமகள் சிரித்தாள். சிரிக்கட்டும். அந்த வெள்ளையை வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். எதிர்ச்சுவரில் வெளிச்சம் பால் மாதிரி விழுந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதைக் காட்ட ஆள் இல்லை.

கல்யாண ஃபோட்டோவுக்கு என்று கடையில் விற்கிற வெளிச்சக் குடையும் பெட்டியும் வாங்க நமக்கு வக்கில்லை என்று திருப்பதியில் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் பேசினார்கள். வக்கு வேறு, மூளை வேறு. தயிர் டப்பாவின் அடியை வெட்டி ஃப்ளாஷ் தலையில் மாட்டினோம். ஜூஸ் பாக்கெட்டைப் பிரித்து உள்பக்கத்து வெள்ளியை அட்டையில் ஒட்டினோம். ரேணிகுண்டா தொடங்கி சித்தூர் வரைக்கும் இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான், வெளிநாட்டுக்காரன் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் காப்பி அடித்தான் என்று நான் ஆரம்பிப்பேன். நீ உடனே, "மஞ்சள் ஐஸ்க்ரீம் டப்பாவ மாட்டி புத்தூர் மாப்பிள்ளைக்குக் காமாலை வரவெச்சியே, அதையும் சேத்துச் சொல்லு மச்சான்" என்பாய். எட்டாவது ஃபெயிலான என் வாய்க்குப் பூட்டுப் போட நீ ஒருத்தன்தான் இருந்தாய்.

ஒரு கல்யாணத்தைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் பெருமை அடித்ததில்லை. உனக்குத் தெரிந்த கதைதான், அதனால் உனக்கு எழுதலாம்.

நகரிப் பொண்ணு, சித்தூர் மாப்பிள்ளை, திருப்பதியில் மண்டபம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மாப்பிள்ளைப் பையன் பட்டு வேட்டியோடு நம்மைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். அவன் முகம் வேர்த்திருந்தது.

"ண்ணா, அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்புட்டுக்கினுதான் கீறா. காலேஜ்ல ஒரு தடவ ஃப்ளாஷ் பட்டுபட்டுனு கண்ணுல அடிச்சப்ப அங்கியே விழுந்துட்டா. நேத்து ராத்திரி வேற தூங்கல. எங்கப்பா அம்மாவுக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா மட்டும் சித்தூருக்கே தெரியும்ண்ணா."

"அப்போ ஃப்ளாஷே வேணாமா?" என்றேன்.

"ஃபோட்டோ வேணும்ண்ணா. அவ ஆசப்படறா. அவ கண்ணுல மட்டும் அடிக்கக் கூடாது."

அந்த மண்டபம் பகலிலேயே குகை. ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் நம் பழைய காமிராவில் முகமெல்லாம் மணல் அள்ளிப் போட்ட மாதிரி வரும். ஃப்ளாஷை மேலே திருப்பி அடிக்கலாம் என்றால், மேலே முழுக்கச் சிவப்புத் துணி. வெளிச்சம் சிவப்பாகத்தான் திரும்பும். நீ டெகரேஷன்காரர்கள் போட்டுவிட்டுப் போன தெர்மாகோல் பலகை ஒன்றைத் தூக்கினாய். சமையல்காரரிடம் ஒரு புது வெள்ளை வேட்டியைக் கெஞ்சி வாங்கினாய். நாற்காலி போட்டு ஏறி, மேடைக்குப் பக்கவாட்டில் இரண்டு தூணுக்கு நடுவே அதை விறைப்பாகக் கட்டினாய். எதிர்ப்பக்கம் தெர்மாகோலைச் சாய்த்து நிறுத்தினாய். ஃப்ளாஷ் தலைக்கு மூன்று பக்கமும் கறுப்பு அட்டையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாய். வெளிச்சம் வேட்டியில் மட்டும் பட்டு, அங்கிருந்து சுற்றிக்கொண்டு பொண்ணிடம் வர வேண்டும்.

முதலில் உன் முகத்தில் சோதித்தோம். "கண்ணு கூசுதா?" என்றேன். "உன் மூஞ்சிதான் கூசுது. இன்னொன்னு அடி" என்றாய். அப்புறம், "ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல நல்லா மூச்சு விட்டுக்கோ மச்சான். அவசரப்படாத" என்றாய்.

பொண்ணு வந்து உட்கார்ந்தது. முதல் படம். நான் காமிராவைப் பார்க்கவில்லை, பொண்ணின் இமையைப் பார்த்தேன். அடிக்கவில்லை. இரண்டாவது படம். விரல்களைப் பார்த்தேன். சும்மா மடியில் கிடந்தன. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அதற்கே புரிந்தபோது உதடு லேசாகப் பிரிந்தது.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம். அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடை ஏறினார். கழுத்தில் வெளிநாட்டுக் காமிரா, அதன் தலையில் மொட்டை ஃப்ளாஷ்.

"ஏமய்யா, ஃபோட்டோகிராபரா நீ? செவுத்துக்கு ஃபோட்டோ புடிச்சிக்கினு கீற! தள்ளு!"

பொண்ணின் முகத்துக்கு இரண்டு முழம் தூரத்தில் காமிராவைத் தூக்கினார். மாப்பிள்ளை கையில் தாலி, முதல் முடிச்சு பாதியில். அவன் என்னைப் பார்த்தான். என் கால் நகரவில்லை மச்சான். நீ நகர்ந்தாய். அவர் பட்டனை அமுக்கவும், நீ உன் உள்ளங்கையால் அந்த ஃப்ளாஷைப் பொத்தவும் சரியாக இருந்தது. பட்டுபட்டுபட்டென்று அது அடித்தது அத்தனையும் உன் கைக்குள். விரல் இடுக்கு மட்டும் செம்பருத்தி நிறத்தில் எரிந்து எரிந்து அணைந்தது. நீ கையை எடுக்கவில்லை. நான் வேட்டியைப் பார்த்து ஒரே ஒரு தடவை அடித்து, மூன்றாவது முடிச்சைப் படம் எடுத்துவிட்டேன்.

மேளம் நின்றதும் பெரியப்பா உன் சட்டையைப் பிடித்தார். "என் காமிரா மேல கை வெக்கறியா? எவ்ளோ திமிர்ரா உனக்கு? ஏன்டா வெச்ச? சொல்லு!" ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பொண்ணோட அம்மா முகத்தில் ரத்தமில்லை. நீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய். காரணத்தை நீ சொல்லமாட்டாய். உனக்குப் பொய்யும் வராது.

எனக்கு வரும்.

"சார், அவன் உங்க காமிராவக் காப்பாத்தினான் சார்!" என்று நடுவில் புகுந்தேன். "ரெண்டு ஃப்ளாஷ் ஒண்ணா அடிச்சா ஒண்ணோட கரென்ட்டு ஒண்ணுக்குள்ள பூந்துடும். ஹைதராபாத்ல ஒரு மினிஸ்டர் வீட்டுக் கல்யாணத்துல இப்படித்தான் டப்புனு வெடிச்சுது. லென்ஸு நாலு துண்டு. அங்க நான்தான் மெயின் ஃபோட்டோகிராபர்!"

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. உன் பக்கம் திரும்பினார். "நெசமாவா?"

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. என் பொய்யைக் கண்ட இடத்தில் வெட்டுகிற ஆள் நீ.

"நெசம் சார்," என்றாய். "நானும் அங்கதான் இருந்தேன். ரெண்டு துண்டு எனக்கு எதுரயே விழுந்துச்சு."

பெரியப்பா ஃப்ளாஷைக் கழற்றி ஜிப்பா பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, காமிராவைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

பந்தியில் நீ ஸ்பூன் வாங்கி இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். வலது உள்ளங்கை நடுவில் சிவந்து கன்றியிருந்தது. "ஹைதராபாத் எந்தப் பக்கம் கீதுன்னாவது உனக்குத் தெரியுமா மச்சான்?" என்றாய். நான் பாயசத்தைச் சிந்திச் சிரித்தேன்.

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மேடை ஏறுவதற்கு முன்னால் பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேரிடமும் தனியாகப் போய், "பளிச்சுனு வெளிச்சம் அடிச்சா உடம்புக்கு ஒத்துக்குமா?" என்று கேட்கிறேன். கிழவனுக்குக் கிறுக்கு என்கிறார்கள் வீடியோக்காரப் பசங்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை விடுகிறேன். அதை வெட்ட யாருமில்லாததால் கதைகள் கண்டபடி வளர்ந்துகொண்டு போகின்றன.

போன மாதம் ரேணிகுண்டாவில் ஒரு பொண்ணிடம் இதைக் கேட்டேன். குனிந்து வளையலைத் திருகியது. பிறகு நிமிர்ந்து அதன் அம்மாவைப் பார்த்தது. அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, மச்சான். ஃப்ளாஷின் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.