செவலைக்குச் சினை நின்றது

அன்பு அத்தானுக்கு,

நானும் அத்தையும் நலம். உங்கள் சமையலைச் சாப்பிட்டும் நீங்கள் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். செவலையை விற்றாகிவிட்டதா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் மழுப்பிவந்தேன். விற்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்றுதான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு ஒரே தடவையாகக் கோபப்படுங்கள்.

மாட்டு வியாபாரி வந்தது உண்மைதான். எத்தனை சினை ஊசி போட்டாலும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்து கத்துகிற மாட்டுக்கு யார் தீனி போடுவது என்று உங்களைப் போலவே அவரும் கேட்டார். அத்தை, "அது தங்காத வயிறு, ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வியாபாரி கயிற்றை அவிழ்க்கப் போனபோது குறுக்கே போய் நின்றுகொண்டேன். கால்நடை டாக்டரம்மா ஒரு தடவை பார்க்கட்டும், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று அத்தையிடம் சொன்னேன்.

அடுத்த பருவம் வந்ததும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். நம்மைப்போல அவர் ஊசி போட்டவரைத் திட்டவில்லை, காளையைக் குறை சொல்லவில்லை. வாலடியில் வழிந்த சளியைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியதில் வெள்ளைத் துணுக்குகள். போன ஈற்றில் நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா என்று கேட்டார். நீங்களே கையை விட்டு இழுத்துப் போட்டதையும், தெருவெல்லாம் பெருமை பேசியதையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார், அத்தான். உங்கள் தலையில் அடித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பையில் கிருமி தங்கிவிட்டதாம். "கரு உருவாகத்தாம்மா செய்யுது. உள்ள புண்ணா இருக்கறதால சில நாள்லயே அழிஞ்சு போயிடுது. மாட்டு மேல என்ன தப்பு?" என்றார். உள்ளே மருந்து விட்டு, அடுத்த பருவத்துக்கு ஊசி போடாமல் பொறுக்கச் சொன்னார். அந்தப் பருவத்தில் செவலை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார், நாங்கள் அசையவில்லை. அதற்கடுத்த பருவத்தில்தான் ஊசி. நேற்று டாக்டரம்மா தோள்வரை கையுறை மாட்டிப் பார்த்துவிட்டு, "சினை நல்லா நிக்குது" என்றார். அத்தை செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்துச் சிரித்த நானும் அழுதுவிட்டேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அத்தை பக்கத்தில் வந்து நின்றார். "ரெண்டு தடவை உனக்குக் கலைஞ்சப்பவும் நான் பேசினதுதான் மிச்சம். ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலையேடி" என்றார். இன்று காலை எனக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மருத்துவமனையில் வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் செவலையின் கதையைச் சொல்லி என் மானத்தை வாங்கினார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

டாக்டர் நன்றாகத்தான் பேசினார். காரணம் என்னவென்று பார்த்துவிடலாம், ஆனால் கணவரும் வர வேண்டும், இருவருக்கும் பரிசோதனை உண்டு என்றார். அத்தை உடனே, "வருவான், நான் வரவழைக்கறேன்" என்றார். அவர் மிரட்டி நீங்கள் வருவதில் எனக்கு விருப்பமில்லை.

லீவு கேளுங்கள், அத்தான். தர மாட்டார்கள் என்று கேட்பதற்கு முன்பே சொல்லாதீர்கள். இரண்டு தடவையும் நான் தனியாகத்தான் படுத்துக்கிடந்தேன். இந்த முறை டாக்டர் எது சொன்னாலும் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி