பல் டாக்டரின் தலைக்கு மேலே

ஜூலை 3, புதன்

இன்றைக்கும் கீழேயிருந்து தட்டு விழுந்தது.

தாவல் பயிற்சி. ஓடி வந்து ஒரு காலால் எம்பி, மறு காலில் இறங்க வேண்டும். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் போனார்கள், ஒன்றும் இல்லை. நான் இறங்கின மறு நொடி பலகைத் தரைக்கு அடியிலிருந்து டொக் டொக். எங்கள் நடனக் கூடத்துக்கு நேர் கீழே பல் டாக்டரின் கிளினிக். சத்தம் பொறுக்க முடியாவிட்டால் அங்கிருந்து ஒட்டடைக் கம்பால் சீலிங்கில் தட்டுவார்கள். கல்லூரி என்று பெயர்தான் பெரிது. இந்தக் கூடமும், மேல் மாடியில் இரண்டு வகுப்பறையும், தண்ணீர் வராத ஒரு குழாயும். அவ்வளவுதான்.

தட்டு கேட்டதும் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது. "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்றாள் கொசு. ஒரு கிளிப் போட்டுத் துணிக்கொடியில் மாட்டிவிடலாம், அவ்வளவுதான் அவள் எடை. எனக்கு இடி என்று பெயர் வைத்தது அவள். அவளுக்குக் கொசு என்று வைத்தது நான். கணக்கு நேர்.

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

ஜூலை 4, வியாழன்

பல் டாக்டரே படியேறி வந்துவிட்டார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"ஒருத்தர் வாய்க்குள்ள டிரில் வெச்சிருக்கேன், தலைக்கு மேல விளக்கு ஆடுது. கை தவறினா நாக்குல ஓட்டை விழும். நீங்களா வந்து பதில் சொல்வீங்க?" என்று டீச்சரிடம் கத்தினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்தப் பொண்ணுதானே?" என்றார். இல்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் தனியே கூப்பிட்டார். ஆள் ஒல்லி என்பதால் இவரைக் குச்சி டீச்சர் என்போம், முதுகுக்குப் பின்னால்தான். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உனக்கு முகத்துல பாவம் நல்லா வருது, தாளம் தப்பாது. ஆனா தாவல் உன் உடம்புக்கு ஆகாது. ஆகஸ்ட் கடைசியில தேர்வு. அதுல தேறினாத்தான் மேடைப் பிரிவு. நீ பேசாம பாடப் பிரிவு வேணும்னு எழுதிக் கொடுத்துடு. அதுவரைக்கும் வகுப்புல குதிக்க வேண்டாம்."

பாடப் பிரிவு! அடுத்தவர்கள் ஆடுவதை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக் கட்டுரை எழுதுவது. அதற்கா நான் வீட்டில் அத்தனை சண்டை போட்டு இங்கே சேர்ந்தேன்? ஆடத்தானே வந்தேன்?

ஜூலை 5, வெள்ளி

எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

எதிரியின் கோட்டைக்குள் போய்விட்டு வந்தேன்.

டாக்டரின் இரண்டு கையும் யாருடைய வாயிலாவது இருக்கும்போது தட்டுவது யார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். வாசலில் டோக்கன் கொடுக்கிற அக்காதான். "நீதானா அது? நான் இதைவிடப் பெரிய ஆளா நெனச்சிருந்தேன்" என்றாள். பரவாயில்லை, இது வரைக்கும் கிடைத்த பாராட்டிலேயே பெரியது.

மதியம் டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போகிறார். அக்கா மட்டும் தனியே உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறாள். அந்த நேரத்தில் நான் மேலே குதிக்கிறேன், கேட்டால் நீங்கள் தட்டுங்கள், கேட்காவிட்டால் தட்டாதீர்கள் என்றேன்.

"இதுல எனக்கு என்ன லாபம்?"

"நான் கத்துக்கிட்டேன்னா காலம் பூரா உங்களுக்கு நிம்மதி."

கொஞ்சம் யோசித்தாள். "சாப்பிடும்போது கம்பைத் தூக்கணுமே" என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

டீச்சர் குதிக்கக் கூடாது என்றது வகுப்பில். மதிய இடைவேளை வகுப்பா என்ன?

ஜூலை 10, புதன்

குதித்தேன். டொக். குதித்தேன். டொக். மெதுவாகக் குதித்தேன். டொக். கடைசியில் சும்மா நின்று தண்ணீர் குடிக்கும்போதும் ஒரு டொக். படியில் இறங்கிப் போய்க் கேட்டால், "ஆள் இருக்கியான்னு பார்த்தேன்" என்கிறாள்.

ஜூலை 22, திங்கள்

ஒரு முன்னேற்றமும் இல்லை. நுனிக்காலில் இறங்கிப் பார்த்தேன், கணுக்கால் வலிதான் மிச்சம். குறைவாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். தட்டும் குறையவில்லை, தலைசுற்றல் வேறு.

பாதிச் சோற்றோடு எழுந்ததை அக்கா பார்த்துவிட்டாள். என் கூடப்பிறந்த அக்கா, பிரசவத்துக்கு வந்து இன்னும் இங்கேதான் இருக்கிறாள், பாப்பாவோடு. "உக்காருடி. சோத்து மேல என்ன கோபம்? ஒல்லியா இருந்தா சத்தம் வராதுன்னு யாரு சொன்னா? உன் சிநேகிதி கொசு நம்ம வீட்டுப் படியேறினா ஜன்னல் கதவெல்லாம் ஆடுது!" என்றாள்.

உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டேன். மோர் வேறு கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 26, வெள்ளி

தட்டே இல்லை! ஒன்றுகூட இல்லை! கூடத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பத்துத் தடவை பறந்தேன், கீழே கப்சிப். கொசுவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தேர்வன்று காட்டுகிறேன். வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு வந்தேன், எதிரே வந்த ஒருவர் ஒதுங்கிப் போனார்.

ஜூலை 27, சனி

டோக்கன் அக்கா நேத்து லீவாம்.

லீவு. அவங்க மாமியாருக்குக் கண் ஆபரேஷனாம். மதியம் ஆள் இல்லாம கிளினிக்கே பூட்டிக் கிடந்திருக்கு. நான் பாட்டுக்குப் பறந்தேனாம் பறந்தேன் — மடச்சி. பூட்டின கதவா வந்து தட்டும்?

இன்னைக்குக் குதிச்சேன். டொக் டொக் டொக். மூணு. வழக்கமா ரெண்டுதான். கழிப்பறைக்குள்ள போய் அழுதேன். டீச்சர் சொன்னது சரிதானோ? எழுதிக் கொடுத்துட்டா நிம்மதியா இருக்குமோ?

ஜூலை 28, ஞாயிறு

நேற்று எழுதியதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

இன்று மத்தியானம் அக்கா தலைவலி என்று படுத்துவிட்டாள். பாப்பாவைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தது நான். இந்தக் குட்டி லேசுப்பட்டதில்லை, பக்கத்து அறையில் கரண்டி விழுந்தால் எழுந்து ஊரைக் கூட்டும். தூங்கினதும் அவளை மாடியறைத் தொட்டிலில் விட வேண்டும். எங்கள் மரப்படியோ ஒவ்வொன்றும் ஒரு மாதிரி முனகும். ஏறினேன். தொட்டிலில் விட்டேன். திரும்பி இறங்கினேன். கடைசிப் படியில்தான் உறைத்தது — படி முனகவே இல்லையே?

இத்தனை மாதமாக இதைத்தானே செய்கிறேன்! இதே எடையோடு, அதற்கு மேல் பாப்பாவின் எடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு!

மறுபடி ஏறி இறங்கிப் பார்த்தேன். பாப்பா தோளில் இருக்கும்போது நான் காலை வைப்பதில்லை. கால் முதலில் போய்த் தரையை விசாரிக்கிறது, விரல், பாதம், பிறகு குதிகால். முழங்கால் இளகி இருக்கிறது. உடம்பு கடைசியாகத்தான் வருகிறது. கூடத்தில் நான் செய்வது என்ன? தட்டு வரப் போகிறது, வரப் போகிறது என்று மூச்சைப் பிடித்து, முழங்காலை விறைத்துக்கொண்டு இறங்குகிறேன். பயந்து பயந்து விழுகிறேன். அப்படி விழுந்தால் கொசுகூட இடிதான்.

ஜூலை 29, திங்கள்

துண்டைச் சுருட்டித் தோளில் பாப்பா மாதிரி வைத்துக்கொண்டு குதித்தேன். எட்டிப் பார்த்த கொசு, "உனக்கு முத்திடுச்சுடி" என்று போய்விட்டாள்.

தட்டு நிறைய. ஆனால் இரண்டு தடவை தட்டு இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன், டோக்கன் அக்கா இருந்தாள்! கையில் கம்போடு!

ஆகஸ்ட் 7, புதன்

பாதிக்குப் பாதி.

ஆகஸ்ட் 14, புதன்

துண்டு வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். மனசுக்குள் மட்டும் பாப்பா. நல்ல உயரம் எம்பினேன், முதல் நாளை விடவும் உயரம். தட்டே இல்லை. ஒருமுறை சூடு பட்டவள் அல்லவா, நம்பாமல் கீழே போனேன். டோக்கன் அக்கா மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா! தூங்கினா எப்படி? நான் எதை வெச்சு நம்பறது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உன் காலடிக்குக் கீழ மனுஷி தூங்கியிருக்கேன். இதைவிட என்ன சர்டிபிகேட் வேணும் உனக்கு?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தேர்வுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை.

நேரே டீச்சரிடம் போனேன். "உன் பேரைப் பாடப் பிரிவுல போட்டுட்டேன்" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"நான் எழுதிக் கொடுக்கலையே டீச்சர்."

"வெளியிலேர்ந்து தேர்வாளர் வர்றாங்க. அன்னைக்கு அரை நாள் கிளினிக்கை மூடச் சொல்லிக் கேட்டேன், அந்த மனுஷன் முடியாதுன்னுட்டார். நடுவுல கீழேயிருந்து தட்டினா கல்லூரி மானம் போகும். புரிஞ்சுக்கோ."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. "நான் குதிக்கும்போது ஒரே ஒரு தட்டு கேட்டாலும், அந்த இடத்துலயே எழுதிக் கொடுத்துடறேன் டீச்சர். அப்புறம் மேடைன்னு வாயே திறக்க மாட்டேன்."

டீச்சர் இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துப் பட்டியலின் அடியில், கடைசிப் பெயராக, என் பெயரை எழுதினார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனா?

ஆகஸ்ட் 29, வியாழன்

டோக்கன் அக்காவிடம் சொன்னேன், நாளைக்கு எனக்காகத் தட்டாமல் இருக்கக் கூடாது என்று. "நான் எதுக்கு உனக்காகப் பொய் சொல்றேன்? கேட்டா தட்டுவேன்" என்றாள். அதுதான் வேண்டும். ராத்திரி வீட்டில் அக்கா பாப்பாவை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை. வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

தேர்வாளர் ஓர் அம்மா. தடித்த கண்ணாடி, குனிந்த தலை. கொஞ்சம் பார்ப்பது, கொஞ்சம் காதால் கேட்பது, மீதி நேரம் எழுதுவது. பாட்டு கிடையாது, டீச்சர் கைத்தாளம் மட்டும் போட்டார். நான் கடைசி என்பதால் பெஞ்சில் உட்கார்ந்து தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கொசு போனாள். அழகாகத்தான் எம்பினாள். பதற்றத்தில் விறைத்துப் போய் இறங்கினாள். டொக் டொக்!

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வாயில் ஹேர்பின். வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. கொசுவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது தண்ணீரை நீட்டினேன். "முழங்கால் விறைப்பு, அவ்வளவுதான்" என்றேன். "போடி" என்றாள், ஆனால் குடித்தாள்.

பிறகு என் பெயர். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டேன், மனசுக்குள். தூங்குடி செல்லம், சித்தி இப்ப வந்துடறேன். ஓடினேன். எம்பினேன். இறங்கினேன். மறுபடி, மறுபடி, மூலை வரைக்கும். சுவர் வந்ததும் நின்றேன். கீழே டிரில் ஓடுகிற மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. மேலே அவ்வளவு அமைதி!

தேர்வாளர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஏம்மா, ஓடி வந்து பாதியில நின்னுட்டே? பயமா இருக்கா? ஆரம்பிம்மா."

"முடிச்சுட்டேன் மேடம்."

பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "திரும்பச் செய்" என்றார்.

இந்தத் தடவை கண் கொட்டாமல் பார்த்தார். நானும் விட்டுக் கொடுக்கவில்லை, இன்னும் உயரம். கடைசித் தாவலில் இறங்கி நிற்கிறேன், டீச்சர் கைத்தாளத்தை நிறுத்த மறந்து தட்டிக்கொண்டே இருக்கிறார். முதலில் கை தட்டியது கொசு.

யானை வந்தாயிற்று. மணியோசை எங்கேடி?

ஆகஸ்ட் 30, மாலை

ஒன்றை விட்டுவிட்டேன். வெளியே வரும்போது டீச்சர் நிறுத்தி, "எப்படி?" என்றார். ஒரே ஒரு வார்த்தை.

"தோள்ல பாப்பா தூங்கறா டீச்சர்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. நாளைக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 2, திங்கள்

மேடைப் பிரிவு. முதல் பெயர்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு கூவியதில் பாப்பா விழித்துவிட்டாள். நான் இல்லை, அவளைப் பெற்றவள்தான் எழுப்பினாள். இதையும் குறித்து வைக்கிறேன்.

செப்டம்பர் 18, புதன்

கடைவாய்ப் பல் வலி. வேறு எங்கே போவது? கீழ் மாடிக்குத்தான். டோக்கன் அக்கா வரிசையைத் தாண்டி உள்ளே விட்டாள், நாலு பேர் முறைத்தார்கள்.

நாற்காலியைச் சாய்த்து, என் வாய்க்குள் எதையோ வைத்து, டாக்டர் டிரில்லை எடுக்கிறார். சரியாக அப்போது மேலே தொம்மென்று ஒரு சத்தம். முகத்துக்கு நேரே விளக்கு ஆடியது.

"ஆரம்பிச்சுட்டாய்யா அந்தப் பொண்ணு!" என்றார் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தேன். மறுபடி தொம். அவர் சீலிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீலிங்கைப் பார்த்தார்.

"அப்ப அது யாரு?" என்றார்.

எனக்குத் தெரியும். புதன்கிழமை இந்த நேரத்தில் எங்கள் எல்லாருக்கும் மேல் மாடியில் எழுத்து வகுப்பு. கூடத்தில் டீச்சர் மட்டும் தனியே பயிற்சி செய்வார். சொல்லலாம் என்றால் வாய் நிறையப் பஞ்சு.

டோக்கன் அக்கா வழக்கம்போல ஒட்டடைக் கம்போடு உள்ளே வந்தாள். நான் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் ஒரு நொடி விழித்தாள், பிறகு சிரித்துக்கொண்டே கம்பைக் கொடுத்தாள். கழுத்தில் கட்டிய துணியோடு நின்று சீலிங்கில் தட்டினேன். டொக் டொக்.

மேலே உடனே அமைதி. தட்டு கேட்டால் எல்லாரும் என் பக்கம்தான் திரும்புவார்கள். டீச்சர் இன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினாரோ தெரியவில்லை.