நின்றதை வைத்து எழுதிய அறிக்கை

அனுப்புநர்:
மூ. பேச்சியம்மா (வயது 47),
கொழுந்து பறிக்கும் தொழிலாளி,
ஐந்தாம் இலக்க லயம், மேற்பிரிவு,
செம்பாறைத் தோட்டம், லிந்துலை.

பெறுநர்:
உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
தொழில் அலுவலகம், ஹட்டன்.

விடயம்: என் தசைப் பலவீனத்தைப் பரிசோதிக்காமல், மலைவேலைக்குத் தகுதி எனத் தோட்ட வைத்திய உதவியாளர் கொடுத்த அறிக்கையை ரத்துச் செய்யக் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் இருபத்தெட்டு வருடம் இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, ஏழு வருடங்களாக வாரத்தில் இரண்டு நாள் அரச வைத்தியசாலையில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்கிறேன். மற்ற நாட்களில் கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன். ஒரு நாளும் சும்மா இருந்துகொண்டு, வேலை செய்ததாகப் பெயர் போடச் சொன்னதில்லை.

2. கடந்த வருடம் முதல் தொடைச் சதை வற்றிவிட்டது. கூடையோடு குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். நீண்ட காலம் இரத்தம் சுத்திகரிப்பவர்களுக்கு இப்படித் தசை கெடுவதுண்டு என்றும், தொடையும் இடுப்பும்தான் முதலில் பலமிழக்கும் என்றும் கிளினிக் வைத்தியர் சொன்னார். எதையாவது பிடித்து நிற்க என்னால் முடியும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்புவதும் மேட்டில் ஏறுவதும்தான் முடியாது. இதை அவர் என் கிளினிக் கொப்பியில் எழுதியும் தந்தார். நாற்று மேடையில் உட்கார்ந்து நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை கேட்டு, அந்தக் கொப்பியோடு நிர்வாகத்திடம் போனேன். எழும்பும்போது கை கொடுக்க அங்கே ஆட்கள் உண்டு.

3. நிர்வாகம் என்னைத் தோட்ட வைத்திய உதவியாளர் திரு. விஜிதரன் அவர்களிடம் அனுப்பியது. எனக்குப் பெரிய நிம்மதி. அவர் வெளியாள் இல்லை. எங்கள் அடுத்த வீட்டில் பிறந்தவர். அவர் பாஸாகி இந்த உத்தியோகத்துக்கு வந்த அன்று எங்கள் லயத்து வீட்டு வரிசையே பொங்கல் வைத்தது. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவார்.

4. பெப்ரவரி 18 அன்று அறைக்குள் போனதும், "உக்காருங்க அத்தை" என்றார். "பரவால்லங்க தம்பி, நிக்கிறேன்" என்றேன். ஐயா, தோட்டத்து ஆபீஸில் லயத்து ஆட்கள் உட்காருவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, அது எங்கள் பழக்கம். உட்கார்ந்தால் அவர் முன்னால் எழும்ப முடியாமல் அசிங்கப்படுவேனே என்ற வெட்கமும் இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் என் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. கொப்பியைத் திறக்கவும் இல்லை. வீட்டு விசயம் பேசிவிட்டு அனுப்பிவிட்டார்.

5. வந்த அறிக்கையை என் மகள் பிரேமினி வாசித்துச் சொன்னாள். கதிரை கொடுத்தும் மறுத்தேனாம். இருபது நிமிடம் சிரமமின்றி நின்றேனாம். ஆகவே மலைவேலைக்குத் தகுதியாம். மரியாதைக்கு நின்றதை எனக்கு எதிராகவே எழுதிவிட்டார். தெரியாதவர் எழுதியிருந்தால் தலைவிதி என்று இருந்திருப்பேன். இவருக்கு எங்கள் பழக்கம் தெரியும். இவரை எட்டு மாதமாக வயிற்றில் சுமந்தபோது இவருடைய தாயார் அதே ஆபீஸில் நின்றபடிதான் லீவு கேட்டார். பக்கத்தில் நான் இருந்தேன். நியாயம் கேட்கப் போனபோது, "நா என்ன பொய்யா எழுதுனேன் அத்தை? நீங்க நின்னீங்கதானே?" என்றார்.

6. ஏப்ரல் முதலாம் திகதி மலைக்கு வராவிட்டால் தோட்டப் பதிவிலிருந்து என் பெயர் வெட்டப்படும் என்று கடிதம் வந்திருக்கிறது. என் கணவர் மூக்கன் காலமாகிவிட்டார். மகள் தலவாக்கலையில் கடை வேலைக்குப் போகிறாள். தோட்டத்தில் பெயர் உள்ளவள் நான் மட்டுமே. பெயர் போனால் லயத்து வீட்டையும் விட வேண்டும். மலைக்குப் போனாலோ, சரிவில் விழுந்து கிடப்பேன்.

ஆகவே அந்த அறிக்கையை ரத்துச் செய்து, நாற்று மேடை வேலையைப் பெற்றுத்தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். விஜிதரன் அவர்களுடைய உத்தியோகத்துக்குக் கெடுதல் வரவேண்டாம்; எங்கள் லயத்திலிருந்து அந்த மேசைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். ஆனால் விசாரணைக்கு அவரும் வரவேண்டும். அன்று எனக்கு ஒரு கதிரை போடச் சொல்லுங்கள். தங்கள் முன்னிலையில் உட்காருவதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு என்னை எழும்பச் சொல்லுங்கள். நான் எழும்ப முடியாமல் தவிப்பதை அவர் பார்க்கட்டும். பார்த்த பிறகு, அவரே வந்து கை கொடுத்துத் தூக்கிவிடட்டும்.

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மூ. பேச்சியம்மா

இடம்: லிந்துலை
திகதி: 2025.03.11

இணைப்பு: கிளினிக் கொப்பியின் பிரதி, வைத்திய அறிக்கையின் பிரதி.