உங்கள் கல்லில் அருளின் பெயர்

நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் அன்பருக்கு,

உயிரோடு இருக்கும் மகனிடம், "உன் பெயரைக் கல்லறையில் வெட்டி வைத்திருக்கிறேன்" என்று ஒரு தாய் எப்படிச் சொல்வது? சாப்பாடு முடிந்ததிலிருந்து யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அருள் வந்துவிட்டான். முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் போய் மூன்று மாதம் கழித்து ஒரு தந்தி வந்தது. அது வந்த பதினைந்தாம் நாள், மே மாத வெயிலில், திருச்சி ஜங்ஷனில் இறங்கினான். போரில் பிடிபட்டு, இத்தனை நாளும் சீனர்களிடம் கைதியாக இருந்திருக்கிறான். இடது காலில் இரண்டு விரல்கள் பனியில் போய்விட்டன. மற்றபடி முழுதாக இருக்கிறான் என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள்.

பிளாட்பாரத்தில் என் தோளுக்குப் பின்னால் தேடிவிட்டு, "அப்பா வரலையாம்மா?" என்று கேட்டான். "அப்பா பிப்ரவரியில இறந்துட்டார்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. தலையை ஆட்டினான். பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

அந்தக் கடிதம் வந்த நாள் நினைவிருக்கிறதா? ராணுவம் 'காணவில்லை' என்று மட்டும்தான் சொல்லியிருந்தது. அவன் குண்டுபட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாக, அவனோடு இருந்த ஒருவர் எழுதியிருந்தார். நான் நம்பினேன். நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கணக்கு டீச்சர், நிரூபணம் எங்க?" என்றீர்கள்.

"பார்த்தேன்னு எழுதியிருக்காரே."

"ஓடிக்கிட்டே பார்த்திருப்பார். விழுந்ததைத்தானே பார்த்தார்? எழுந்திரிக்காததையும் நின்னு பார்த்தாரா?"

'நிரூபணம் எங்கே' என்பது கல்லூரியில் இருபது வருஷமாக மாணவிகளிடம் நான் கேட்கும் கேள்வி. எனக்குக் கோபம் வந்தது. உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தீர்கள். அந்த வார்த்தையைத் திரும்பப் பெற எனக்குப் போதுமான நேரம் இருந்தது. பெறவில்லை.

உங்களுக்குக் கல் வைக்கும்போது, உங்கள் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் வெட்டச் சொன்னேன். உறவினர் யாரும் வற்புறுத்தவில்லை. ஜெபத்தில் பெரிய நம்பிக்கை இல்லாத நான்தான் செய்தேன். உடல் வராத பிள்ளைக்காகப் போய் நிற்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

அவன் திரும்பிய வாரமே கல் வெட்டியவரிடம் போனேன்.

"பேரை மட்டும் எடுக்க முடியாதும்மா. செதுக்கினா பள்ளமா நிக்கும். சிமெண்ட் அடைச்சா ஒரு மழைக்குத் தாங்காது. கல்லையே மாத்தணும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா அவசரம் என்ன? உசிரோட இருக்கறவங்க பேரு கல்லுல இருந்தா ஆயுசு கெட்டிம்பாங்க" என்றார்.

"யார் சொல்வாங்க?"

"நான்தான் சொல்றேன்."

சிரித்துவிட்டேன். தள்ளியும் போட்டுவிட்டேன். அருள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, கல்லறைப் பக்கம் எங்கே போகப்போகிறான் என்ற தைரியம். அவனுடைய பயம் எனக்கு வசதியாக இருந்தது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். "தலை சுத்தும், இறங்கி வாடா" என்றால், "இன்னும் குளிர் விடலம்மா" என்கிறான். ஷூவைக் கழற்றுவதில்லை. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் காலில்தான் இருக்கிறது. முகாமில் எந்த நேரம் கிளம்பி நடக்கச் சொல்வார்கள் என்று தெரியாதாம். பின்னால் யாராவது வந்தால் நின்று, அவர்களை முன்னால் போகவிடுகிறான். நம் பாலக்கரைத் தெருவில் அப்படி நின்றால் பொழுது சாயும் வரை நிற்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு முறை வெளியே அழைத்துப் போனேன். ஸ்ரீரங்கத்தில், உங்களோடு சதுரங்கம் ஆடுவாரே, அந்த டாக்டர் வீட்டுக்கு. ஆசாரமான வீடு. வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவனுக்கு முடிச்சை அவிழ்க்க வரவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். "இருக்கட்டும்டா கொழந்தே. அப்படியே உள்ளே வா" என்றார். அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வரட்டுமே. அப்புறம் அலம்பிவிட்டா ஆச்சு" என்றார்.

புறப்படும்போது டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "மருந்து இருந்தா கொடுக்கமாட்டேனா? அவனா சொல்றவரைக்கும் ஒண்ணும் கேக்காதேங்கோ. நீங்களும் அவன்கிட்ட எதையும் மறைக்காதேங்கோ." அவருக்குக் கல்லைப் பற்றித் தெரியாது. பஸ் காவிரிப் பாலம் தாண்டும் வரை நான் அருளின் முகத்தைப் பார்க்கவில்லை.

நாளை கல்லறைத் திருநாள். வாளியும் துடைப்பமும் பூவும் மெழுகுவத்தியுமாகப் பாதி ஊர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். இன்று மதியம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு அப்பாவைப் பாக்க நானும் வரேம்மா."

ஆறு மாதமாக இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்ததும், "கூட்டமா இருக்கும்டா" என்றேன்.

"தெரியும்மா. அதான் உங்ககூட வரேங்கறேன்."

போரில் இறந்துபோன தன் தோழர்களைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறான். "அவங்களோட நானும் போயிருக்கணும்" என்றான். அப்படிச் சொன்னவன் தன் பெயரைக் கல்லில் பார்த்தால் என்ன நினைப்பான்? அம்மாவும் அதைத்தான் ஒத்துக்கொண்டாள் என்றா?

நாளை காலை, அவன் முகம் கழுவி வந்ததும் சொல்லிவிடுவேன். காரணங்களை அடுக்க மாட்டேன். நீங்கள் கடைசி வரை நம்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மறுநாள், சாயங்காலம்.

சொன்னேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டான்.

"அப்பாவும் சேர்ந்தா?"

"அப்பா நம்பவே இல்லைடா. நான் மட்டும்தான்."

எழுந்து மாடிக்குப் போய்விட்டான். சாப்பிட இறங்கவில்லை. மூன்று மணிக்கு நான் தனியாகக் கிளம்பினேன்.

கல்லைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கல்லறையில் பேச்சு சட்டென்று நின்றது. நிமிர்ந்தேன். அருள் நின்றிருந்தான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. குனிந்து உங்கள் பெயரின் மேல் கையை வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு அதற்குக் கீழே இருந்ததை, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல வாய்விட்டுப் படித்தான்.

"எங்கள் அன்பு மகன் அருள்."

நான் துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.

"இதை யாரும்மா எழுதிக் கொடுத்தது?"

"நான்தான்."

"அன்பு மகன்னு நீங்க என்கிட்ட நேர்ல ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே."

"இல்லைதான்."

"இப்பச் சொல்லுங்க."

நாற்பத்தெட்டு வயதில், சுற்றிலும் ஊர் நிற்க, என் மாணவிகள் இரண்டு பேர் பூக்கூடையோடு பார்த்துக்கொண்டிருக்க, சொன்னேன். குரல் சரியாக வரவில்லை.

"கேக்கலம்மா" என்றான்.

மறுபடியும் சொன்னேன்.

உங்கள் மனைவி,
அருளுடைய அம்மா